முதுகில் கீறல் இல்லாத கிட்டார்

"அப்பா, எல்லார் கிட்டாருக்கும் முதுகுல கீறல் இருக்கு. உங்களுதுக்கு மட்டும் ஏன் இல்ல?"

ஆறு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. நடனக் கூடத்தின் மேடைக்குப் பின்னால், வாத்தியங்கள் எல்லாம் சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரம். அப்பா சட்டையின் ஓரத்தைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். மற்றவர்களுக்கு வயிற்றின் நடுவில் இருக்கும் பெல்ட் கொக்கி அவருக்கு மட்டும் இடுப்பின் பக்கவாட்டில் இருந்தது.

"முன்னால இருந்தா தினமும் உரசும் பாப்பா. அது வலிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லாது. நாமதான் பார்த்துக்கணும்."

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, அந்தப் பாப்பா ஒரு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸாக, ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த ஒரு மாடி அறையில் நின்று இந்தக் கதையைச் சொல்லி முடித்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையிலிருந்த கறுப்புப் பெட்டியை மேஜைமேல் வைக்கவில்லை, போட்டாள். மேஜையிலிருந்த தேநீர் டம்ளர் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

"இதுக்கு முதுகெல்லாம் கீறல். இது எங்கப்பா கிட்டார் இல்ல. மாத்திட்டான் அந்தப் பாவி."

மேஜைக்குப் பின்னால் இருந்தவரை எல்லாரும் கண்ணாடி என்றுதான் அழைத்தார்கள். ஐம்பது தாண்டியவர். சோடா பாட்டிலின் அடிபாகம் போன்ற இரண்டு சில்லுகளுக்குப் பின்னால் சாதுவான இரண்டு கண்கள். திருட்டு, மோசடி, காணாமல் போனது எல்லாம் அவரிடம் வரும். பக்கத்து நாற்காலியில் இருந்த உதவியாளருக்குப் பெயர் குண்டூசி. ஒல்லியான பெண்மணி. இருபது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், தன் பங்குக்கான பேச்சை இப்போதுதான் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"டம்ளரை மட்டும் எடுத்துக்கறேன் நர்ஸம்மா. அடுத்த தடவை நீங்க எதையாவது போட்டா அது பிழைக்காது," என்றாள் குண்டூசி.

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைப் படபடவென்று கொட்டினாள். அப்பா இறந்து எட்டு மாதம். கட்டிலுக்கு அடியில் பல வருஷம் கிடந்து, கம்பிகள் துருப்பிடித்து, உள்ளே ஒயரெல்லாம் பச்சை பூத்துப்போன கிட்டார் அது. கடைசி வாரம் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதைத் திரும்பப் பாட வைத்து, கூட வாசித்த ட்ரம்ஸ்காரர் காதில் ஒரு தடவை போட்டுவிடச் சொன்னார். அந்தக் குழுவில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். அவர் இப்போது அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாவது மாடியில், பார்வை போய், படுத்த படுக்கையாக இருக்கிறார். வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த டாக்டர் நேற்றிலிருந்து நாள்கணக்கில் பேசுகிறார்.

"போலியைக் கொண்டுபோய்ச் சாகப்போற மனுஷன் கையில குடுக்கவா? எங்கப்பாவுக்கு நான் குடுத்த வாக்கு அது."

ரிப்பேருக்குக் கொடுத்த கடைக்காரனிடம் கேட்டதற்கு, கீறல் முன்பே இருந்தது, அழுக்கு மூடியிருந்தது, துடைத்ததும் தெரிகிறது என்றானாம். ரசீதில் எழுதிய எண்ணும் கிட்டாரின் முதுகில் இருக்கும் இரும்புத் தகட்டின் எண்ணும் ஒன்றுதான் என்று நிரூபித்தும் காட்டிவிட்டானாம். கூடப் பிறந்தவனிடமும் ஆதரவு இல்லை. கடை ஷட்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணன், ஒரு பழைய சாமானுக்கு எதற்கு இவ்வளவு கத்தல் என்று கேட்டுவிட்டு டீவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டானாம்.

கண்ணாடி பெட்டியைத் திறந்து கிட்டாரைக் கவிழ்த்தார். கழுத்தும் உடம்பும் சேருமிடத்தில், நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்ட ஒரு சதுரத் தகடு. அதில் எண். தகடு பழையது, பூத்துப்போனது. ஸ்க்ரூ நாலும் பளபளவென்று இருந்தன.

"நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா தகடு கையோட வந்துடும். அப்படித்தானே?" என்றார்.

"எங்க வீட்டு வாசல் நம்பரைக் கழட்டிக் கலெக்டர் பங்களாவுல மாட்டிட்டா நான் கலெக்டரா சார்?" என்றாள் குண்டூசி. பிறகு பெட்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பிய்ந்துபோன கைப்பிடியை யாரோ மஞ்சள் ஒயரால் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்பக்கமாக மடக்கி விட்டிருந்தார்கள். "இது யார் கைவேலை? அழகா இருக்கு."

"எங்கண்ணன். எதைத் தொட்டாலும் கடைசியில இப்படி ஒரு கட்டு போடாம விடமாட்டான். இப்ப அதுவா முக்கியம்?"

இல்லை என்று கண்ணாடி தலையாட்டினார். ஆனால் அந்தக் கட்டை ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தார்.

கடை முதன்மைத் தெருவில் இருந்தது. மேலே 'கிட்டார் டாக்டர்' என்று பலகை. மதிய இடைவேளை முடிந்து கடைக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஒரு விரலால் தள்ளினார். இரும்பு ஷட்டர் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. நர்ஸுக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல் அதிகமானது. கிட்டாரைக் கொடுக்க வந்த அன்று இதே ஷட்டரை இரண்டு ஆள் கம்பி போட்டு நெம்பித் தூக்கினார்கள். என் வேலையில் ஏமாற்றிவிட்டுக் கடையைச் சரிசெய்துகொண்டிருக்கிறான் என்று பல்லைக் கடித்தாள். கண்ணாடி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு, சற்றுத் தாமதமாக உள்ளே வந்தார்.

வெள்ளை ஏப்ரன், பையில் சின்ன டார்ச், சுவர் முழுக்கத் தொங்கும் கிட்டார்கள். கடைக்காரர் நர்ஸைப் பார்த்ததும் முகம் சுருங்கினாலும் குரலை விடவில்லை. அதே பாட்டைப் பாடினார். பெல்ட் கொக்கிக் கீறல் இல்லாத பழைய கிட்டாரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும், கீறல்தான் பழசுக்கு அத்தாட்சி என்றும் சொன்னார்.

கண்ணாடி சண்டைக்குப் போகவில்லை. கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியில் சொருகச் சொன்னார். சொருகியதும் கொர்ரென்று ஒரு ரீங்காரம் கிளம்பி அறையை நிறைத்தது.

"தேனீக் கூட்டையே உள்ள விட்டுட்டீங்க போலிருக்கே டாக்டர்," என்றாள் குண்டூசி.

கண்ணாடி வருத்தப்பட்டவர்போல உதட்டைப் பிதுக்கினார். தனக்குக் கிட்டார் பற்றித் தெரியாது என்றார். ஆனால் அடுத்த தெருக் கடையில் ஒருவர் சொன்னாராம்: இந்தக் கடையில் கொடுத்தால் உள்ளே இருக்கிற பழசையெல்லாம் சுரண்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அதனால்தான் இப்படி இரைகிறது, பழைய வாத்தியத்துக்கு மரியாதை தெரியாத கை என்று.

கடைக்காரரின் காது மடல் சிவந்தது. திருடன் என்று நர்ஸ் சொன்னபோது வராத கோபம் இப்போது வந்தது.

"யாருக்கு மரியாதை தெரியாது? நானா சுரண்டினேன்? இரைச்சல் வராம இருக்க அந்த மனுஷன் உள்ள மிட்டாய்த் தாளா ஒட்டி வச்சிருந்தார் சார். வெள்ளித் தாள். நகத்தளவு நகத்தளவா, நூறாவது இருக்கும். வேற ஒருத்தனா இருந்தா உரிச்சுப் போட்டிருப்பான். நான் ஒண்ணைக்கூடப் பிய்க்கல. எழும்பியிருந்த ஓரத்தையெல்லாம் பசை தடவித் திரும்ப ஒட்டிக் குடுத்தேன். அடுத்த தெருக்காரன் செய்வானா அதை?"

மிட்டாய்த் தாள் என்ற வார்த்தை நர்ஸின் நெஞ்சில் போய் விழுந்தது. அப்பா ஸ்பூனின் முதுகால் வெள்ளித் தாளைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்குவார். எதுக்குப்பா என்று அவள் கேட்டதே இல்லை. மிட்டாய் வாயில் இருக்கும்போது யார் கேட்பார்கள்?

குண்டூசி மேஜையிலிருந்த திருப்புளியை எடுத்துப் பணிவாக நீட்டினாள். "அந்த அழகைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்களேன்."

கடைக்காரரின் கை பாதி வழியில் நின்றது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

"சார் கண்ணாடியத் துடைக்கிறார்னா யாருக்கோ நேரம் சரியில்லன்னு அர்த்தம்," என்றாள் குண்டூசி. இந்த முறை அவள் குரலில் விளையாட்டு இல்லை. தானே குனிந்து முன்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே வெறும் மரம். ஒரு துண்டுத் தாள் இல்லை.

நர்ஸின் கை ஓங்கிவிட்டது. குண்டூசி பிடித்திராவிட்டால் அறை விழுந்திருக்கும். பிறருக்கு ஊசி போடும்போதுகூட வலிக்குமோ என்று தயங்கும் கை அது. "செத்தவர் சாமான்யா அது. எப்படி மனசு வந்தது உனக்கு?"

"நான் திருடல," என்றார் கடைக்காரர். குரல் உடைந்திருந்தது. "அதே ஜாதிக் கிட்டார் ஒண்ணு என்கிட்ட கிடந்தது. மாத்திக் குடுத்தேன், ஒத்துக்கறேன். ஆனா உங்களுது என்கிட்ட இல்ல. உரிமை இருக்கிறவங்க கேட்டாங்க, குடுத்துட்டேன். பேரைக் கேக்காதீங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

"பேர் வேண்டாம்," என்றார் கண்ணாடி. "ஷட்டர் நல்லா ஓடுதே. யார் சரிபண்ணினது?"

கடைக்காரரின் பார்வை தன்னையறியாமல் வாசலுக்குப் போனது. நர்ஸும் திரும்பினாள். மேலே ஏறி நின்ற ஷட்டரின் அடிச் சட்டத்தில், பூட்டு வளையத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் ஒயர். மூன்று சுற்று. நுனி உள்பக்கமாக மடங்கியிருந்தது.

ஸ்பீக்கர் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கடைக்காரர் அதை அணைத்தார். பிறகு யாரும் கேட்காமலே எண் தகட்டைக் கழற்றி நர்ஸின் உள்ளங்கையில் வைத்தார். மூத்த மகன் என்று சொல்லித்தான் உங்கள் அண்ணன் கேட்டார், வீட்டுக்குள் நடக்கிற விஷயம்தானே என்று நினைத்துவிட்டேன் என்று முணுமுணுத்தார்.

"வீட்டுக்குள்ள நடக்கிறதுன்னா தப்பு சின்னதாயிடுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணாடி வெளியே நடந்தார்.

அண்ணன் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. நர்ஸ் இரண்டிரண்டு படியாக ஏறினாள். கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் அவளையும், பின்னால் மூச்சு வாங்க வந்த இருவரையும், அவள் கையிலிருந்த தகட்டையும் பார்த்தான். எழுந்து கை கழுவினான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு போர்வைச் சுருளை இழுத்துத் தரையில் வைத்தான். போர்வைக்குள் கிட்டார் இருந்தது. முதுகு கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது.

"வாசிக்கத் தெரியுமா உனக்கு? ஒரு கம்பியையாவது சரியா இழுக்கத் தெரியுமா?" என்று கத்தினாள். "எதுக்குண்ணா? எதுக்கு?"

"உனக்கு மட்டும் தெரியுமா?" அவனும் கத்தினான். கரகரத்த, பழகாத கத்தல். "அப்பா வாசிச்ச அந்த டான்ஸ் ஹாலுக்கு மூணு மாடி பாப்பா. அப்பாவோட ஆம்ப்ளிஃபயர் பெட்டி என் தோள்ல ஏறினப்ப எனக்குப் பன்னண்டு வயசு. ஏழு வருஷம் தூக்கினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதைத் தொட விட்டாரா என்னை? கை அழுக்குடான்னார். சாகும்போது என்னைக் கூப்பிட்டார். சரி, இப்பவாவதுன்னு கிட்ட போனேன். என்ன சொன்னார் தெரியுமா? கிட்டாரைப் பாப்பாகிட்ட எடுத்துக் குடுடான்னார். அதையும் நான்தான் தூக்கணும்."

அவளுக்கு அது தெரியாது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. ட்ரம்ஸ் மாமாவுக்கு இதைக் காட்டுவதாக அப்பாவிடம் சத்தியம் செய்திருப்பதைச் சொன்னாள். அவர் நாள்களை எண்ணிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். உன்னால் பொய்யைக் கொண்டுபோய் அவர் கையில் வைக்கப் பார்த்தேன் என்றாள். அண்ணனின் முகம் வெளுத்தது. "அவர் இருக்காரா இன்னும்? யாரும் என்கிட்ட சொல்லலையே," என்றான்.

கண்ணாடி எதிலும் குறுக்கிடவில்லை. கிட்டாரின் முன்தகட்டை மெதுவாகக் கழற்றினார். உள்ளே குட்டிக் குட்டியாக வெள்ளி மின்னியது. சில தாள்களில் பச்சைக் கோடு, சிலவற்றில் ஆரஞ்சுப் புள்ளி. ஒன்றின்மேல் ஒன்று மீன் செதில்போல ஒட்டியிருந்தன.

"என் மிட்டாய்," என்றாள் நர்ஸ். குரல் திடீரென்று ஆறு வயதுக்குப் போயிருந்தது. "அப்பா தினம் கொண்டுவருவாரே."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்பா எங்க கொண்டுவந்தார்? பெட்டி தூக்கினதுக்கு ஹால் மேனேஜர் எனக்குக் குடுப்பார். ஒரு நாளைக்கு ரெண்டு. உனக்குத் தெரியாம உன் தலகாணிக்குக் கீழ வைப்பேன். நீ அப்பா வச்சதுன்னு நினைச்சுக்குவே."

"நீங்க சாப்பிடவே இல்லையா?" என்று குண்டூசி கேட்டாள். கேலி எதுவும் அவளுக்கு அகப்படவில்லை.

"இவ எந்திரிச்சதும் தேடுவாளே."

கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நர்ஸ் கிட்டாரைக் கொண்டுவந்திருந்த கறுப்புப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அது பொய்யாக இருந்திருக்கும். அண்ணனும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசல்வரை வந்து, அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கப் போனான். அவள் தரவில்லை.

அன்று மாலையே, எண் தகடு தன் இடத்துக்கு வந்தபின், ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் சொருகினாள். இரைச்சல் இல்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆறு கம்பியையும் விரலால் ஒரு தடவை வருடினாள். அவ்வளவுதான். ட்ரம்ஸ்காரரின் விரல்கள் போர்வைமேல் லேசாகத் தாளம் போட்டன. பிறகு கிட்டாரைக் கேட்டு வாங்கினார். முன்பக்கத்தைத் தொடவே இல்லை. முதுகைத்தான் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"மடையன். கடைசிவரைக்கும் கொக்கியத் திருப்பியே போட்டிருக்கான்," என்றார். சிரித்தார். சற்றுப் பொறுத்து, "பெட்டி தூக்குவானே, அந்தப் பையன் எங்க? பாவம், என் ட்ரம்முக்குப் பின்னாலயே படுத்துத் தூங்குவான். அவன் நல்லா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டதுண்டு," என்றார்.

ஐந்தாம் நாள் அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. அண்ணன் வேலைக்குப் போயிருப்பான், அண்ணி தையல் வகுப்புக்குப் போயிருப்பாள் என்று நர்ஸுக்குத் தெரியும். சாவி மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் என்பதும் தெரியும். ஆட்டோக்காரர் மேலே தூக்கி வருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள். முதலில் கிட்டாரைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பெட்டியைத் தள்ளும்போது கைப்பிடியின் மஞ்சள் ஒயர் உள்ளங்கையில் உரசியது. கீறவில்லை. நுனியை உள்பக்கமாக மடக்கியிருப்பது ஏன் என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் புரிந்தது. இடுப்பின் பக்கவாட்டில் இருந்த ஒரு கொக்கி நினைவுக்கு வந்தது.

அண்ணன்மேல் இருந்த கோபம் இன்னும் இருந்தது. அது தன் வழியில் போகும்போது போகட்டும் என்று கடவுளிடம் விட்டுவிட்டாள்.

கீழே இறங்கி ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வலது தோளில் ஏற்றிக்கொண்டாள். முதல் மாடியில் நின்றாள். இரண்டாவது மாடியில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மூன்றாவது மாடியில் அதை இறக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கிட்டார் பெட்டியைத் திறந்து, கம்பிகளுக்குக் கீழே இரண்டு மிட்டாய் வைத்தாள். தாள் பிரிக்காதவை.

கதவைப் பூட்டினாள். சாவியை இருந்த இடத்திலேயே வைத்தாள். படியில் எதிரே யாரும் வரவில்லை. தோள் வலியைத் தேய்த்துவிட்டுக்கொள்ளாமலே இறங்கிப் போனாள்.